முகத்தைக் காட்டவும்

"முதுகுப் பக்கம்தான் கண்ணு. முகம் தெரியவே தெரியாது."

"நிஜமா?"

"நிஜமா. சடை மட்டும்தான். ஒரே ஒரு தடவை."

"ஒரே ஒரு தடவைன்னா, ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அம்மாவும் சுண்டுவும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அம்மா அதை எப்போதோ மறந்துவிட்டாள். சுண்டு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப்பெயர் அது. இப்போது பத்து வயதில் வகுப்பிலேயே உயரமான பெண் அவள்தான். பெயர் மட்டும் வளரவே இல்லை.

அம்மாவுக்குத் தலை அலங்காரம் செய்வது தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பெரிய கண்ணாடி, மிதித்தால் மேலே போகும் ஒரு நாற்காலி, ஊசிகளும் கிளிப்புகளும் நிறைந்த மூன்று இழுப்பறைகள். கடை திறந்த புதிதில் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அம்மா சுண்டுவின் நீளமான முடியில் ஒன்பது கால் பின்னல் போட்டு, பின்னாலிருந்து சடை மட்டும் தெரியும்படி வீடியோ எடுத்து, சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டாள். மறுநாளே மூன்று பேர் கதவைத் தட்டினார்கள்.

அந்த 'ஒண்ணே ஒண்ணு' இப்போது இருநூற்றுப் பதினாறு ஆகியிருந்தது.

நடுவில் ஒருநாள் சுண்டுவுக்குத் தும்மல் வந்தது. தும்மியபடியே திரும்பிவிட்டாள். அந்த வீடியோவுக்கு மற்றவற்றைவிடப் பத்து மடங்கு இதயக் குறிகள் விழுந்தன. அதற்குப் பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்ற போன் ஸ்டாண்ட், கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றுகொண்டது. யாரும் சொல்லிக்கொண்டு அதை நகர்த்தவில்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"சிவப்பு வட்டம் வந்தா நேரா பாரு. சிரி" என்று அம்மா பழக்கியிருந்தாள். அந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் சுண்டுவுக்கு 'சடைக்குட்டி' என்று பெயர்.

ஒருநாள் சீப்பு சிக்கில் மாட்டிக்கொண்டது. வலி தாங்காமல் சுண்டு ஓவென்று அழுதாள். அன்று மாலை, அதையும் போடட்டுமா என்று அம்மா கேட்டாள். சுண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்லவில்லை. அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த அழுகையைப் பார்க்காதவர்களே இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளியில் பெரிய வகுப்புப் பையன்கள் அவளைக் கண்டால் தலையைப் பிடித்துக்கொண்டு, "சிக்கு... அய்யோ சிக்கு..." என்று அழுது காட்டினார்கள். அதைக்கூட சுண்டு பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று.

இரண்டு மாதங்களுக்கு முன், பள்ளிக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஆள் அவளையே உற்றுப் பார்த்தான். இதற்கு முன் அவள் பார்த்திராத ஆள். பக்கத்தில் வந்து அவள் சடையின் நுனியைத் தொட்டு, "நீ அந்தச் சடைக்குட்டிதானே? பச்சை கேட் வீடு. அழுமூஞ்சி" என்று சிரித்தான். அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை. பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டான்.

ஆனால் பச்சை கேட் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து சுண்டு பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போனாள். வெயிலோ மழையோ, சடையைச் சுருட்டித் துணித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் தலை பின்னிக்கொள்ள வந்து உட்கார்ந்துவிட்டார். வருகிற எல்லாரும், "உங்க பொண்ணு வீடியோ பார்த்துத்தான் வந்தோம்" என்றார்கள். அதைக் கேட்டதும் அம்மா முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தால் சுண்டுவின் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் புதிய சட்டம் வந்தது.

பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இனிச் சமூக ஊடகத்தில் கணக்கு கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முகத்தைக் காட்டி வயதை நிரூபிக்க வேண்டும். வகுப்பே துக்க வீடுபோல் ஆனது. சுண்டுவின் தோழி, மூக்கில் எப்போதும் வழுக்கும் கண்ணாடியோடு திரிவதால் 'கண்ணாடி' என்றே பெயர் வாங்கியவள், தன் பூனைக்காக ஒரு பக்கம் வைத்திருந்தாள். அதில் தனக்கு நாற்பத்தொரு வயது என்று போட்டிருந்தாள். இனிப் பூனையை யார் பார்ப்பார்கள் என்று அவள் கண் கலங்கினாள்.

சுண்டுவுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது போலிருந்தது. தன்னால் சொல்ல முடியாததை அரசாங்கமே அம்மாவிடம் சொல்லிவிடும் என்று நினைத்தாள். ஆனால் வகுப்பு டீச்சர் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டார். கணக்கு குழந்தையின் பெயரில் இருந்தால்தான் மூடுவார்களாம். அம்மாவின் பக்கம் அம்மாவுடையது. அம்மா ஒருமுறை முகம் காட்டினால் போதும், அது பாட்டுக்கு ஓடும்.

திங்கட்கிழமை காலை அம்மா முகம் காட்ட உட்கார்ந்தாள். ஸ்டாண்டில் போனை மாட்டி, பிறந்த தேதியை அடித்தாள். கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டு போனுக்கு முன்னால் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தாள். 'காத்திருக்கவும்' என்று திரையில் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் அழைப்பு மணி அடிக்க, அம்மா எழுந்து போனாள். வந்தது மருந்துக்கடை அக்கா. வாசலிலேயே பேச்சு தொடங்கிவிட்டது.

சுண்டு பள்ளிக்குத் தலை பின்னிக்கொள்ள வந்து, வழக்கம்போல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். திரையில் சுற்றிக்கொண்டிருந்தது நின்றது.

'முகத்தைக் காட்டவும்.'

சிவப்பு வட்டம் வந்தது. சுண்டு நேராகப் பார்த்தாள். சிரித்தாள். பல மாதப் பழக்கம். நினைப்பதற்குள் நடந்துவிட்டது.

'உங்கள் வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருப்பதாகத் தெரிகிறது. சரியா?'

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

வாசலில் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுண்டுவுக்கு அந்த ஆளின் விரல்கள் ஞாபகம் வந்தன. பிறகு அவளுடைய விரல் ஒரு பொத்தானைத் தொட்டது.

திரை வெள்ளையானது. வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் என்பதால் பக்கம் பூட்டப்பட்டுவிட்டதென்றும், ஏழு நாட்களுக்குள் உதவி மையத்தில் விளக்கம் தராவிட்டால் அழிக்கப்படும் என்றும் எழுத்துகள் வந்தன. சுண்டு நாற்காலியிலிருந்து இறங்கி ஓரமாக நின்றுகொண்டாள்.

உள்ளே வந்த அம்மா அதை இரண்டு முறை படித்தாள். முதலில் திகைத்தாள். பிறகு கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு பத்து, பன்னெண்டு வயசுதான் இருக்கும்னு சொல்லுது, பாரேன்" என்றாள் மருந்துக்கடை அக்காவிடம்.

"என்ன க்ரீம் போடறீங்க? எங்க கடையில வாங்கினதா?" என்று அக்கா கேட்டாள்.

அன்று முழுவதும் அம்மா அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். பால்காரரிடம் சொன்னாள். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னாள். கடை வாசலில் அதையே விளம்பரமாக எழுதி வைக்கலாமா என்றுகூட அப்பாவிடம் கேட்டாள். ஒவ்வொரு முறை அவள் சிரித்தபோதும் சுண்டு அங்கிருந்து நழுவிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு காணாமல் போனது. சனிக்கிழமை ஒரு நாடகக் குழுவில் ஒன்பது பேருக்குத் தலை அலங்காரம் செய்வதாக அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. எங்கே வர வேண்டும், எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன பின்னல் என்பதெல்லாம் பூட்டிய பக்கத்தின் செய்திப் பெட்டிக்குள் இருந்தது. வேறெங்கும் அம்மா குறித்து வைக்கவில்லை. குழுத் தலைவியின் போன் எண்கூட அதற்குள்தான்.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதற்கும் லிஃப்டைத்தான் உதாரணம் சொல்லுவார். "லிஃப்ட் நின்ன பிறகு படிக்கட்டு எங்கேன்னு தேடினா எப்படி? ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கலாமே" என்றார். அம்மா கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கவலை வந்தால் அம்மா அப்படித்தான் செய்வாள்.

புதன்கிழமையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவால் சாப்பிட முடியவில்லை. பள்ளியில் தோழி கண்ணாடியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிடு என்று கண்ணாடி உடனே சொன்னாள். அவளுக்கென்ன, அவளுடையது பூனை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அம்மா சுண்டுவையும் கூட்டிக்கொண்டு நேராக உதவி மையத்துக்குப் போனாள். நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புதிதாகத் திறந்திருந்தார்கள். சுவரில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிய இரும்பு நாற்காலிகள். இவர்களுடைய டோக்கன் முப்பத்து நான்கு. பக்கத்தில் வழுக்கைத் தலைத் தாத்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிஷின் தன்னைக் கைக்குழந்தை என்று சொல்லிவிட்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அம்மாவுக்குத் தெம்பு வந்தது.

"பார்த்தியா, மிஷின்தான் தப்பு" என்றாள் சுண்டுவிடம்.

கவுண்டரில் இருந்த அம்மையார் மூக்கில் ஒரு கண்ணாடியும் தலைமேல் ஒரு கண்ணாடியும் மாட்டியிருந்தார். ஒரு ஸ்டேப்ளரோடு மல்லுக்கட்டியபடியே அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மிஷின் தவறு என்றால் மேலிடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்.

"மூணு வாரமா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்குங்க."

"வேற யாராவது போனுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தா இப்பவே திறந்துடலாம். அவங்க இங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வேற யாருங்க? நான்தான் காட்டினேன்."

சுண்டு தரையைப் பார்த்தாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். ஏழு நாள் தாண்டிவிடும். இருநூற்றுப் பதினாறு சடைக்குட்டிகளும் ஒரேயடியாகக் காணாமல் போவார்கள். பேருந்து நிறுத்தத்துக்குத் தொப்பி இல்லாமல் போகலாம்.

கவுண்டர் விளிம்பில் அம்மாவின் கை இருந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்த்துத் தேய்த்து அந்த இடம் சிவந்திருந்தது.

"நான்தான்" என்றாள் சுண்டு.

சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அதனால் இன்னொரு முறை சொன்னாள். "நான்தான் முகம் காட்டினேன். அம்மா இல்ல."

அம்மா திரும்பிப் பார்த்தாள். கவுண்டர் அம்மையார் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்து காட்டினாளா, தெரியாமலா என்று மெதுவாகக் கேட்டார்.

சுண்டு யோசித்தாள். பொய் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. "சிரிச்சது தெரியாம. பொத்தானை அழுத்தினது தெரிஞ்சு."

கைக்குழந்தைத் தாத்தாகூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

அம்மையார் அவளைத் திட்டவில்லை. ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, கணினியில் ஏதோ தட்டினார். அம்மாவின் பையிலிருந்த போன் உடனே டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. நான்கு நாள் செய்திகள். அம்மா அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அம்மையார் தாளைத் திருப்பி சுண்டுவின் பக்கம் நகர்த்தினார். பின்பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் காலியாக இருந்தது. அதற்கு மேலே, 'பக்கத்தில் இடம்பெறும் குழந்தையின் விருப்பம்' என்று அச்சடித்திருந்தது.

"முன்பக்கம் அம்மாவுக்கு. பின்பக்கம் உனக்கு. எட்டு வயசுக்கு மேல இருந்தா உன்னையும் கேக்கணும்னு புது விதி. வீட்டுல எழுதி ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வா. நீயே எழுதணும். பெரியவங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா திட்டுவாள் என்று சுண்டு எதிர்பார்த்தாள். அம்மா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. பேருந்து நிறுத்தத் தெரு வந்தது. சுண்டு பையிலிருந்து துணித் தொப்பியை எடுத்துச் சடையை உள்ளே திணித்தாள்.

"வெயிலே இல்லையே. எதுக்குத் தொப்பி?" என்று அம்மா கேட்டாள்.

சுண்டு தயங்கினாள். "பின்தெரு வழியா போலாமாம்மா?"

"அது சுத்து வழி ஆச்சே."

"நான் தினமும் அப்படித்தான் போறேன்."

அம்மா நின்றுவிட்டாள். நடைபாதை ஓரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு முன்னால் நின்றபடி சுண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆள், பச்சை கேட், சடை நுனியைத் தொட்ட விரல்கள். சொல்லி முடித்தபோது அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். வலிக்கும் அளவுக்குப் பிடித்திருந்தாள். பின்தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் நாடகக் குழுவின் முகவரியையும் ஒன்பது பேரின் பின்னல்களையும் ஒரு நோட்டில் எழுதினாள். பிறகு முன்னறைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த அழுகை வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் பின்னலையும் சுண்டுவையும்தான் பார்த்திருந்தாள். இன்று ஓரங்களைப் பார்த்தாள். சுண்டுவுக்குப் பின்னால் திறந்த ஜன்னல். ஜன்னலில் பாதி பச்சை கேட். கேட்டுக்கு அப்பால் தெருமுனையில் பள்ளிக்கு வழிகாட்டும் பெயர்ப் பலகை. எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

அம்மா வீடியோவை நிறுத்தினாள்.

"இதைப் போடும்போது உன்னைக் கேட்டேனே கண்ணு" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"கேட்டே. நான் பதில் சொல்லல."

"ஆமா. சொல்லல" என்றாள் அம்மா. "நானும் காத்திருக்கல."

சாயங்காலம் தலை பின்னும் நேரம் வந்தது. சுண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உதவி மையத்தின் தாள் கண்ணாடிக்குக் கீழே பின்பக்கம் தெரியும்படி கிடந்தது. கட்டம் இன்னும் காலி. பழக்கத்தில் அம்மா போனை எடுத்து ஸ்டாண்டில் மாட்டப் போனாள். பாதியில் நின்றாள். போனை இழுப்பறைக்குள் கிளிப்புகளோடு போட்டு மூடினாள். ஸ்டாண்ட் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெறுமனே நின்றது. பார்க்க வேடிக்கையாக இருந்தது.

அம்மா சீப்பை எடுத்தாள். நுனியிலிருந்து மெதுவாக, சிக்கு இழுக்காமல் வாரினாள். கண்ணாடியில் இருவர் முகமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"அந்தக் கட்டத்துல என்ன எழுதப் போறே?"

"தெரியல" என்றாள் சுண்டு.

"எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லேன். நான் குறுக்கே பேச மாட்டேன்."

இரண்டு மாதமாக வாய் வரை வந்து வந்து திரும்பிப் போன வார்த்தைகள். கடை என்ன ஆகும்? வருகிறவர்கள் வராமல் போனால்? அம்மாவின் அந்தச் சிரிப்பு?

"சடை போடறதை எடுத்துக்கோம்மா. நான் எப்பவும்போல உக்காந்துக்கறேன்" என்று தொடங்கினாள். "ஆனா ஸ்டாண்ட் பழைய இடத்துல இருக்கட்டும். பின்னாடி. ஜன்னலைச் சாத்திட்டு."

அம்மா சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, காலால் ஸ்டாண்டை இழுத்தாள். அது தரையில் கரகரவென்று உராய்ந்துகொண்டே நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது. பிறகு எட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

"அப்புறம்?" என்றாள், சீப்பை வாயிலிருந்து எடுத்து.

"முதல் தடவை நீ சொன்னியே, முகம் தெரியவே தெரியாதுன்னு."

அம்மாவின் கை நின்றது. இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சுண்டு கண்ணாடியில் அம்மாவை நேராகப் பார்த்தாள். சிவப்பு வட்டம் எதுவும் இல்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

"அந்த இருநூத்துப் பதினாறையும் எடுத்துடும்மா. என் முகத்தை எனக்கே திருப்பிக் குடுத்துடு."